நான்கு போல்ட்டுகள்

லிஃப்ட் பழுது.
ரூவியில் எங்கள் கட்டடத்துக்கு அதுவும் ஒரு பருவகாலம்.
வாஷிங் மெஷினை மூன்று மாடி முதுகில் சுமந்து வந்த ரஃபிகுல்
தண்ணீர்கூடக் கேட்கவில்லை,
ஸ்பானர் கேட்டான்.

"வழியில் ஆடாமலிருக்க டிரம்மை முடுக்கி வைத்திருக்கிறார்கள், தீதி.
இந்த நான்கையும் கழற்றாமல் ஓடவிட்டால்
மெஷின் நடக்க ஆரம்பித்துவிடும்.
தார்ஸைத்தில் ஒருத்தர் வீட்டில்
வாசல்வரை போயிருக்கிறது."

கடையில் ஷிஜோ கேட்டிருந்தான்:
வாரண்டி ரெண்டு வருஷமா, அஞ்சா?
பதினெட்டு ரியால்தான் கூட.
நான் ஜெஸ்டினைப் பார்த்தேன்.
ஜெஸ்டின் ஃப்ரிட்ஜுகளைப் பார்த்தான்.
ரெண்டு போதும் என்றது என் வாய்.

டிசம்பரோடு அவன் வேலை முடிகிறது.
அந்த நாற்காலிக்கு ஓர் ஓமானிப் பையன் வருகிறான்.
வரட்டும், அவன் ஊர்.
ஹாமில்டனிலிருந்து ஒரு மெயில்,
கோயமுத்தூரிலிருந்து ஒன்று,
இரண்டையும் திறந்து திறந்து மூடுகிறான்.
"உனக்கு எது?" என்கிறான், விளக்கணைத்த பிறகு.
மூன்றாவதாக ஒன்று இருக்கிறது,
இங்கேயே வேறு வேலை தேடுவது.
அதை நான் சொல்லட்டும் என்று அவனும்
அவன் சொல்லட்டும் என்று நானும்
ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறோம்.

நான் பிறந்தது கௌலா ஆஸ்பத்திரியில்.
பாஸ்போர்ட்டும் ஒத்துக்கொள்கிறது: பிறந்த இடம், மஸ்கட்.
நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் மட்டும்
வெட்டூர்ணிமடத்தில் ஒரு கதவு எண்.
அந்த வீட்டில் நான் தூங்கிய இரவுகளை
ஒருநாள் ஆபீஸில் எக்செல் போட்டுக் கூட்டினேன்.
நூற்றுப் பதினொன்று.
அதில் பாதி, கொசுவுக்கு விழித்தது.

நாகர்கோவிலில் ஆட்டோக்காரர் கேட்பார், எந்த ஊரு மக்கா?
மஸ்கட் என்பேன்.
இங்கே டாக்ஸிக்காரர் கேட்பார், மின் வேன்?
நாகர்கோவில் என்பேன்.
யாரிடமும் பொய் சொன்னதில்லை.
ஆனாலும் எப்போதும்
இல்லாத ஊரையே சொல்லியிருக்கிறேன்.

கோனு புயலுக்குப் பிறகு குழாய் வறண்ட நாட்களில்
ஸுவைனா வீட்டாரும் நாங்களும்
ஒரே டாங்கர் லாரிக்கு வாளியோடு நின்றோம்.
அவள் அம்மா என் வாளியை முன்னால் நகர்த்திவிட்டாள்.
அன்று யாரும் கார்டு கேட்கவில்லை.
மற்றபடி இரண்டு வருடத்துக்கொரு முறை
கைரேகை வைத்து
இந்த ஊரை வாங்கிக்கொள்கிறேன்.

பரோட்டாவில் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டும் கடையில்
நான் வாய் திறக்குமுன்பே காரம் கூடிவிடும்.
ரெனிஷா வரையும் மலைகள் பழுப்பு நிறம்.
போன லீவில் ஆரல்வாய்மொழிப் பக்கம்
பச்சையாக நின்ற மலையைக் காட்டிக் கேட்டாள்:
"அம்மா, இதுக்கு என்னாச்சு?"

நான்கு போல்ட்டுகளையும் என் உள்ளங்கையில் வைத்தான் ரஃபிகுல்.
நினைத்ததைவிடக் கனம்.
"தொலைத்துவிடாதீர்கள். வீடு மாறும்போது திரும்பப் போடணும்.
எல்லாரும் தொலைத்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள்."

படியிறங்கப் போனவன் திரும்பிக் கேட்டான்,
தீதி எந்த ஊர்?
"ரூவி."
சிரித்துவிட்டான்.
"அது தெரியும். அசல் ஊர்?"
நானும் சிரித்தேன்.
வேறு பதில் தரவில்லை,
ஜூஸ் தந்தேன்.

பழைய ரெசிடென்ட் கார்டுகள் கிடக்கும் டிராயரில்
போல்ட்டுகளைப் போட்டேன்.
பெட்ஷீட்டுகளைத் திணித்து ஓடவிட்டேன்.
கடைசிச் சுற்றில் மெஷின் உறுமியது, அதிர்ந்தது,
மேலே வைத்திருந்த கிளிப்புகள் ஒவ்வொன்றாய்க் குதித்தன.
காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
நகரவில்லை.

ஷிஜோவுக்கு போன் செய்தேன்.
அஞ்சு வருஷத்துக்கு இனி மாத்த முடியுமா?
"பில் போட்டு ஏழு நாளைக்குள்ளன்னா மாத்தலாம் சேச்சி."

இன்று நாலாம் நாள்.
ஜெஸ்டின் இன்னும் வரவில்லை.