உள்பக்கப் பனி

லிண்டிஸ் கணவாய் ஏற்றத்தில் முதல் கியர்.
அதற்குக் கீழே கியர் கிடையாது,
கெஞ்சல்தான்.
"இன்னும் ஒரே ஒரு வளைவு, கண்ணு"
டூகல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுக்கிறான்.
பெட்ஃபோர்டுக்கு வயது ஐம்பத்தெட்டு.
எங்களில் மூத்தவன் ஹோனே,
வண்டியைவிட இரண்டு வயது பெரியவன்.
இறங்கி அதன் பக்கத்திலேயே நடந்து வருகிறான்
கையில் டீக் கோப்பையோடு.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
பின்னால் பதினோரு கார், ஒரு பால் டேங்கர்.

ஏப்ரல். இலையுதிர் காலம்.
மலை முழுக்க டஸ்ஸக் புல்,
சிங்கத்தின் பிடரி மாதிரி என்று சொல்ல வந்தேன்.
எங்கள் தீவில் சிங்கம் ஏது?
நைரியின் தலைமுடி மாதிரி என்பதுதான் சரி.
சொல்லவில்லை.
நைரியோடு நான் பேசி இரண்டு வருஷம்.

"நைரி வரவில்லை" என்றுதான்
டூகல் என்னைக் கூப்பிட்டான்.
அவளிடம் என்ன சொன்னானோ.

ஒரு நாய்தான் விஷயம்.
ஃப்ளின்ட், என் ஆட்டு நாய்.
கேட் திறந்து கிடந்தது, அந்தப் பக்கம் நெடுஞ்சாலை.
கடைசியாக வெளியே போனது நீ என்றேன்.
கடைசியாக உள்ளே வந்தது நீ என்றாள்.
இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.
கேட்டுக்குத்தான் தெரியும்.

பெட்ரோல் முள் செத்து நாற்பது வருஷம்.
டேங்குக்குள் ஒரு மனூக்கா குச்சியை விட்டு
நனைந்த இடம் பார்ப்போம்.
குச்சியில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள்:
போ.
யோசி.
நட.

ஒஹாவ் ஏரிக்கரையில் நிறுத்தினோம்.
பாப்ளர் மரங்கள் ராத்திரி வரை
கூரைமேல் இலை போட்டுக்கொண்டே இருந்தன.
மழையென்று நினைத்து டூகல் இரண்டு முறை
கூரை ஜன்னலைச் சாத்த ஓடினான்.
சீஸ் ரோல் கருகியது. கருகியதைத் தின்றோம்.
நெல்சனிலிருந்து ஹோனேயின் தங்கை அனுப்பிய
ஃபெஜோவாப் பழம் ஒரு பை.
நைரி ஒன்றை இரண்டாகப் பிளந்து
ஒரு பாதியை மேசையில் வைத்தாள்,
யாருக்கென்று சொல்லாமல்.
அது அங்கேயே கிடந்து கறுத்தது.

ஹீட்டர் இருமியது, அணைந்தது.
டிரைவர் தலைக்கு மேலிருந்த பரணில்
ஆண்கள் இருவரும் ஏறிக்கொண்டார்கள்.
மேசையை மடக்கினால் அதுதான் கட்டில்,
எங்கள் இரண்டு பேருக்கும்
ஒரே ஒரு ரஜாய்.

முதுகுக்கு முதுகு.
நடுவில் ஒரு சாண் எல்லை.
மூன்று மணிக்கு மைனஸ் ஐந்து,
எல்லைக்குக் குளிர் தாங்கவில்லை.
அவள் பாதம் என் கெண்டைக்காலில் வந்து படுத்தது
பிடித்துப்போட்ட மீன் மாதிரி.
எடுக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை,
எடு என்று நானும் சொல்லவில்லை.
மேலே தூக்கத்தில் டூகல் முனகினான்:
"இன்னும் ஒரே ஒரு வளைவு..."
நைரி சத்தமில்லாமல் சிரித்தாள்.
கட்டில் குலுங்கியதில் தெரிந்தது.
அப்புறம் குலுங்கியது
நானா அவளா தெரியவில்லை.

விடிந்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை.
சூப்பர் மார்க்கெட் அட்டையால்
நைரி கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"உள்பக்கம்" என்றாள்.
இரண்டு வருஷத்தில் முதல் சொல்.
பனி உள்பக்கம்தான்.
நாலு பேர் மூச்சு ராத்திரியெல்லாம் ஊர்ந்துபோய்
பெரணி இலை பெரணி இலையாக
உறைந்திருந்தது.

என் நூலக அட்டையை எடுத்தேன்.
இந்த மூலையிலிருந்து நான்,
அந்த மூலையிலிருந்து அவள்.
சீவல் சீவலாக மடியில் விழுந்தது,
விழுந்ததும் தண்ணீரானது.
நடுவில் ஒரு கையகலம் ஏரி திறந்தது,
ஒரு வாத்து, கொஞ்சம் மலை.

வெளியே டேங்க் மூடி திறக்கும் சத்தம்.
டூகல் குச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
யோசிக்கும் நடவுக்கும் நடுவே ஈரம்.

"பரவாயில்லை, இனி இறக்கம்தானே"
என்றாள் நைரி.
என்னைப் பார்த்து அல்ல,
வாத்தைப் பார்த்து.