நடுப்பெட்டி

சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தெட்டு.
டாரில் பெட்டிகளை மாற்றி அடுக்குகிறான்.
கீழ்ப்பெட்டியின் கூரைச் சூடு
மேல்பெட்டிக்குத் தரைச் சூடு.
கடைக்காரன் சொல்லாததைத்
தெர்மாமீட்டர் சொன்னது.

ஆகவே சோளப்பாம்பு அடியில்.
மலைப்பாம்பு உச்சியில்:
ஒரு மூலையில் மட்டும் முப்பத்திரண்டு டிகிரி.
மறு மூலை ஆறியே கிடக்க வேண்டும்,
போதும் என்றால் விலகிப் போக.

நடுவில் ஒன்று காலி.
கோரலி தன் பாம்போடு போன
செப்டம்பரிலிருந்து
அதற்கும் மின்சாரம் ஓடுகிறது.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
இங்கே டாரில் நடுங்குகிறான்
இரண்டு ஸ்வெட்டருக்குள்;
வீட்டு ஹீட்டர் பதினாலில்.
பில் மேசைமேல்,
பிரிக்கவில்லை.

காலிப் பெட்டியின் கண்ணாடியில் கை வைக்கிறான்.
வெதுவெதுப்பு.
அணைக்கலாம்தான்.

மேலே இருப்பதற்கு வயிறு குளிருமே
என்கிறான்,
யாரும் கேட்காமலே.