ஏழு மணிக்குக் கப்பல்

நெடுங்கேணிச் சந்தியில் வவுனியா பஸ்
உறுமிக்கொண்டே நிற்கிறது.
கொண்டக்டர் டிலக்சன் தேத்தண்ணிக் கடைக்குள்.
ஒன்று இருபது.
ஏழு மணிக்குத் திருகோணமலையில் ஏணியைத் தூக்கிவிடுவார்கள்.
கப்பலில் அதை நாலு மொழியில் அச்சடித்துத் தந்தார்கள்,
தமிழ் அதில் இல்லை.

விடிய இறங்கி, இரண்டு பஸ் ஏறி வந்தது
பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்துக்கு:
தம்பி குணசீலனின் பெயருக்கு அரை ஏக்கர்.
பெருவிரலில் மை இன்னும் போகவில்லை.
தவராசா வரவில்லை.
காசு கட்டின சாப்பாட்டை ஏன் விடுவான் என்று
பதினோராம் தட்டில் இறால் உரித்துக்கொண்டிருப்பார்.
"தெரியாத நாட்டில பஸ்ஸில அலையாதை" என்றார்,
நெடுங்கேணியைத்தான்.
பாஸ்போட்டின்படி பிழையில்லை.

பஸ் வெளிக்கிட்டது.
நூறு மீற்றரில் நின்று ஒரு மூட்டை மரவள்ளியை ஏற்றியது.
திரும்ப நின்றது,
குடையை மறந்து இறங்கிய பிள்ளை ஓடிவரும்வரைக்கும்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"எங்க அக்கா?"
"வவுனியா. அங்கயிருந்து திருகோணமலை."
"ஆஸ்பத்திரிக்கோ?"
"கப்பலுக்கு."
டிலக்சன் மெஷினைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"இதில கப்பல் இல்லை அக்கா."
முன் சீட்டுகளும் சிரித்தன.

பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை.
என் வயது இருக்கும். மடியில்
துவாயால் சுற்றிய தையல் மெஷினின் தலை,
எண்ணெய் மணம்.
"நானும் போயிருக்கிறன்" என்றாள்,
"கப்பலில, திருகோணமலைக்கு. மாத்தளனில இருந்து."
புளியங்குளம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.
"டிக்கெட் எடுக்கேல்ல."

அந்த மாசங்களில் நான் பெர்கனில்
ஒரு வங்கியின் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அதைச் சொல்லவில்லை.

உங்கட கப்பலில கட்டில் இருக்கோ? இருக்கு.
ஜன்னல்? எங்கட அறைக்கு இல்லை, அது விலை கூட.
நல்ல தண்ணி?
வாய் நிற்கவில்லை எனக்கு: நீச்சல் குளமும் இருக்கு.
"கடலுக்கு நடுவில குளமோ!"
அதற்குத்தான் அவள் சிரித்தாள்,
மெஷின் குலுங்கக் குலுங்க.

ஓமந்தை தாண்டியபிறகு, கேளாமலே:
"அலையில கரைக்கு வரேல்லாது அந்தக் கப்பலுக்கு.
வள்ளத்தில கொண்டுபோய்த் தூக்கி ஏத்தினவை.
வெறும் தளத்தில படுத்திருந்தன்.
ஒரு பெடியன், பன்ரெண்டு வயதிருக்கும்,
எனக்கு ஏறின சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடிச்சபடி நிண்டவன்.
கொழுவ இடமில்லை.
கையை மாத்தி மாத்திப் பிடிச்சவன்.
அடிக்கடி நேரம் கேட்டவன்.
என்னட்டை மணிக்கூடு எங்கால?"

பிறகு மெஷினின் கதைக்குப் போய்விட்டாள்:
ஊசி நூலைப் பிடிக்குதில்லை,
புதுசு வாங்க முப்பத்தையாயிரம்,
வவுனியாவில் ஒரு முஸ்லிம் கடைக்காரர்
பார்ப்பதற்குக் காசு எடுக்கமாட்டார்.

பஸ் நிலையத்தில் திருகோணமலை பஸ் ஏற்கெனவே பின்னெடுக்கிறது.
எனக்கு முன்னால் அவள்தான் ஓடினாள்,
மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு,
ஒரு கால் சற்றே இழுபட.
தகரத்தில் அடித்தாள்: "ஆள் வருது! ஆள் வருது!
கப்பலுக்குப் போற ஆள்!"
பஸ் நின்றது. ஏறினேன்.
திரும்பிப் பார்க்க இடையில் ஆறு தோள்கள்.

மூன்று மணி.
சீட் இல்லை. ஹொரவப்பொத்தானைவரைக்கும் இருக்காது என்றார்கள்.
பெயரைக் கேட்கவில்லை.
அந்தப் பெடியன் எங்கே இறங்கினான் என்று
கேட்கவில்லை.
மேல்கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன்.
வலது கை விறைக்கிறது,
இடதுக்கு மாற்றுகிறேன்,
பிறகு வலதுக்கு.