இரண்டிலிருந்து எட்டு வரை

செக்காலை ரோட்டில் என் மருந்துக்கடை.
சித்திரையில் ஷட்டரைத் தொட்டால் கை பொரியும்.
உள்ளே ஒரு ஃப்ரிட்ஜ்.
இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் அதில்
இன்சுலின், நாய்க்கடி ஊசி, கண் சொட்டு மருந்து,
போன கார்த்திகையில்
ஒரு டீ கிளாஸில் மலை.

கொடுத்தவன் ஒய்யவந்தான்.
மூச்சு வாங்கும் உயரத்தில் மிலிட்டரி லாரி ஓட்டுகிறான்.
அம்மாவின் இன்சுலின் பாக்கியைத் தீர்க்க வந்தவன்
சில்லறை போதாமல் ஒரு தீப்பெட்டியை நீட்டினான்.
உள்ளே மூக்குப்பொடி மாதிரி ஏதோ.
"தும்மிடாதீங்க, ஆயிரம் செடி போயிரும்."
ஜென்ஷன் என்று பெயராம்.
பாறை இடுக்கில் விரலுயரம் நிற்குமாம்.
மேகம் ஒன்று குறுக்கே போனாலே
கடை சாத்துவதுபோல் இதழைச் சாத்திக்கொள்ளுமாம்.
நீலம் என்றால்
நீலம்.
அதற்குமேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

எனக்கோ அந்தப் பெயர் பழக்கம்.
வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷன் வயலட்டை
இருபது வருஷமாய் விற்கிறேன்.
அந்தக் குப்பியில் இந்தப் பூ ஒரு சொட்டும் இல்லை,
நிறத்துக்காக வாங்கிய கடன் பெயர்.
நாக்கு ஊதாவாகி அழுத பிள்ளைகள் எல்லாம்
அறியாத ஒரு மலைச்சரிவை
வாய்க்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

விதையைப் புதைக்கக் கூடாது. மேலே தூவ வேண்டும்.
மணல் ஈரமாய் இருக்கலாம், பிழிந்தால் சொட்டக் கூடாது.
எட்டு வாரம் குளிர்.
குளிர் படாத வரைக்கும்
முளைப்பது தன் வேலை என்று அதற்கு நினைப்பே வராது.
மின்தடை நாளில், காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை,
மீன் மார்க்கெட் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில்
இன்சுலினோடு அதுவும் கிடந்தது.
ஒரு வாரம் என் மலையில் வஞ்சிர வாசம்.

தையில் டிரக் இன்ஸ்பெக்டர் வந்தார்.
ஃப்ரிட்ஜைத் திறந்து கிளாஸைத் தூக்கினார்.
"என்ன இது?"
"ஜென்ஷன் சார்."
வயலட் என்று நினைத்துத் தலையாட்டியவர்
பழக்கதோஷத்தில் கேட்டார்: "எக்ஸ்பைரி?"
வருஷா வருஷம் மேலே செத்துக்
கீழே இருந்துகொண்டே இருக்கும் ஒன்றுக்கு
என்ன தேதி சொல்ல?
பில் புக்கைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன்.

ஆயிரத்தில் ஆறு முளைத்தன.
போர் தண்ணீர் ஊற்றியதில் மூன்று அழுகின.
சுண்ணாம்பு ஆகாது இதற்கு என்று அப்புறம் தெரிந்தது.
சைக்கிளில் போய் சம்பை ஊற்றுத் தண்ணீர் பிடித்து வந்தேன்.
சட்டிக்குள் சட்டி, நடுவில் நனைந்த மணல்,
வேருக்குச் செம்புராங்கல் சில்லு,
காலை வெயில் மட்டும், பத்து மணிக்கு மேல் நிழல்.
இரண்டைப் பூனை படுத்து நசுக்கியது.

மாசி கடைசியில்
ஒய்யவந்தானின் அம்மா சிட்டாள் ஊசி வாங்க வந்தாள்.
நான் ஃப்ரிட்ஜைத் திறந்ததும்
கையை உள்ளே விட்டு, எடுக்காமல் நின்றாள்.
"அவன் இருக்கிற குளிரு இம்புட்டுத்தானா?"
இல்லை ஆத்தா, அங்கே தண்ணீர் கல்லாகும்,
டீசல் உறையும் என்று சொல்ல வாயெடுத்து
"இம்புட்டுத்தான்" என்றேன்.
கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மிஞ்சிய ஒன்று நாலு இலை விட்டது.
பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும்.
வைகாசியில் அந்த நாலும் பழுப்பேறி
மணலோடு மணலாயின.

இப்போது ஆடி. காற்று ரோட்டுப் புழுதியைச் சட்டியில் கொட்டுகிறது.
செத்துவிட்டதா தூங்குகிறதா என்று
மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.
தோண்டினால் தெரியும்.
தோண்டிய பிறகு தெரிந்து என்ன?

ஒய்யவந்தான் கார்த்திகைக்கு லீவு கேட்டிருக்கிறானாம்.
ஷட்டரை இழுக்குமுன்
இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றுகிறேன்:
பத்து மில்லி, இரவு மட்டும்,
சாப்பாட்டுக்குப் பின்.