என் கராஜில் ஒரு பிணம்

நவம்பரில் வந்தார்கள். மூன்று நாள், முந்நூறு யூரோ.
இமான்ட்ஸ் காரோடு போய்விட்டதிலிருந்து
சும்மா கிடந்த கராஜ்தானே,
எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
லியெபாயாவின் கடற்காற்று
ஓட்டைத் தகரத்தில் ஊதும் சத்தம்
அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.
அதற்குத் தனியாகக் காசு கேட்டிருக்கலாம்.

ஏப்ரல். ஞாயிறு, இரவு ஒன்பது.
முதல் பகுதியின் நான்காவது நிமிடத்தில்
என் கதவை உடைக்கிறார்கள்.
பூட்டே இல்லாத கதவு. தள்ளினால் திறக்கும்.
உள்ளே, தேய்ந்த டயர்களுக்கும் பனிச்சறுக்கு வண்டிக்கும் நடுவே
எலீனா என்றொரு பெண், பத்தொன்பது வயது,
கண் திறந்தபடி.
துப்பறிய வந்தவன் காப்பிக் கோப்பையை
என் ஊறுகாய் ஜாடியின் மேல் வைக்கிறான்.
"டேய், அது வெள்ளரிக்காய்!"
பூனை மடியிலிருந்து குதித்து ஓடியது.

பயம் வரவில்லை. எப்படி வரும்?
அவள் மதாரா. மூன்று நாளும் என் சமையலறையில்
கழுத்தில் கயிற்றுத் தழும்போடு உட்கார்ந்து
பீட்ரூட் சூப் குடித்தவள்.
சாயம் கலைந்துவிடுமென்று
தலையை ஒருபக்கம் சாய்த்தே விழுங்குவாள்.
தேனீ என்றால் பயம், கடலென்றால் சலிப்பு,
அக்காவுக்கு நாற்பது யூரோ தர வேண்டும்.

இரண்டாம் பகுதி: மழை.
மூன்றாம் பகுதி: மழை, சித்தப்பா மேல் சந்தேகம்,
நான் தூங்கிப்போனேன்.
குன்டா போன் போட்டு எழுப்பினாள்:
"வெல்தா, பல் டாக்டர்தான். எழுதி வைத்துக்கொள்.
அவ்வளவு சுத்தமான கை வேறு யாருக்கு?"
எழுதி வைத்தேன், மின்சார ரசீதின் பின்னால்.

நான்காவதில் அந்த அம்மா வருகிறாள்.
சவக்கிடங்கில் துணியை விலக்குகிறார்கள்.
அவள் அழவில்லை.
மகளின் காதோரம் ஒட்டியிருந்த ஒரு முடியை ஒதுக்கி
"இவளுக்குக் குளிருமே" என்கிறாள்.
சூப் குடித்தவள் என்று தெரியும்,
கழுத்தில் இருப்பது வெறும் சாயம் என்று தெரியும்,
தெரிந்ததெல்லாம் எங்கே போயிற்றோ,
எழுந்து போய் ஹீட்டரைக் கூட்டினேன்.

ஐந்தாவதன்போது எனக்கு இரவு ஷிஃப்ட்.
டிராமில் ஏறியவர்கள் பேசித்தான் தெரியும்,
பல் டாக்டரும் செத்துவிட்டாராம்.
குன்டாவுக்கு இரங்கல் செய்தி அனுப்பினேன்.

இதற்கிடையில் ஜோடி ஜோடியாக வந்து
கராஜ் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.
ஒருவன் உள்ளே படுத்தே காட்டினான், நாக்கைத் தள்ளியபடி.
தரையில் அந்த ரத்தம் இன்னும் போகவில்லை.
சர்க்கரைப் பாகுதானாம்.
வெயில் வந்ததும் எறும்புகள் வரிசை கட்டிவிட்டன.
யார் கொன்றது என்று
எறும்புகளுக்குக் கவலையில்லை.

எட்டாவது. கடைசி.
கொன்றவன் பியானோ ஆசிரியன்.
அவனுடைய சின்ன வயது, அப்பாவின் பெல்ட்,
வெளியே பூட்டிய அறை, ஜன்னலில் பனி,
இருபது நிமிடம் காட்டினார்கள், இசையோடு.
"பாவம்" என்று சொல்லவைக்கப் பார்த்தார்கள்.
குன்டா சொல்லியும்விட்டாள்.
நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்:
எட்டு ஞாயிறு, எலீனாவுக்கு ஒரு வசனம்கூட இல்லை.
ஒரே ஒரு சிரிப்பு, மெதுவாக ஓடும் காட்சியில், சத்தமில்லாமல்.
அவளுக்கு எது சலிப்பு, யாரிடம் கடன்,
தேனீக்குப் பயப்படுவாளா,
கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.
பெயர்கள் ஓடி முடியுமுன் அணைத்துவிட்டேன்.

திங்கள் இரவு, கடைசி டிராம்.
கடைசி நிறுத்தத்தில் ஒரு பெண் மட்டும் இறங்கினாள்,
காதில் ஹெட்போன், கையில் கேக் பெட்டி.
தெருவிளக்குகளில் இரண்டு எரியவில்லை.
முன்விளக்கை அவள் முதுகில் விழவிட்டு
அப்படியே நின்றேன்,
அவள் பையில் சாவியைத் தேடி, பெட்டியைக் கீழே வைத்து,
மறுபடி தேடி, திறந்து உள்ளே போய்
மாடியில் வெளிச்சம் வரும்வரை.

தாமதம் மூன்று நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.