வலது மூக்கு

வலது பக்கம் மட்டும்தான் ஒழுகியது.
முதலில் தண்ணி மாதிரி,
கார்த்திகைக்குள் கஞ்சி மாதிரி,
அப்புறம் நான் உவமை தேடவில்லை.
பெரியவளின் பழைய யூனிபார்ம் பாவாடையைக் கிழித்து
சவாரிக்குச் சவாரி துடைத்தேன்.

தேவனாம்பட்டினத்தில் நாற்றத்தைத் தனியாகப் பிரிக்க முடியாது.
மணல் முழுக்கக் காரப்பொடி காயும்.
தெற்கத்திக் காற்றென்றால் சிப்காட்.
இதற்கு நடுவே ஒரு கிழக்குதிரையின் மூக்கு
என்ன பெரிதாக நாறிவிடும்?

நெய்வேலியிலிருந்து வந்த பையன்தான் சொன்னான்.
கழுத்தைக் கட்டிக்கொள்ளக் குனிந்தவன்,
"அப்பா, இதுக்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு."
அவர் பிள்ளையை இறக்கிக்கொண்டார்.
பாதிச் சுற்றுக்கு முழு ஐம்பது ரூபாய் கொடுத்தார்.
அந்தக் காசுதான் சுட்டது.

வேப்பெண்ணெய் என்றார் ஐஸ்வண்டி சவரிராஜ்.
சாம்பிராணிப் புகை என்றாள் சோளம் சுடுகிறவள்.
வயசாயிட்டுது, சளி இருக்கும் என்றேன் நான்,
மூன்று மாதமாக, எல்லோரிடமும்.

மஞ்சக்குப்பம் வரை நடத்திக் கூட்டிப் போனேன்.
"பேரு?" என்றார் டாக்டரம்மா.
"கலெக்டர்."
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.
"வயசு?"
"தானே புயலுக்கு மறுவருஷம் வாங்கினது.
அப்பவே எட்டோ ஒன்பதோ.
மெட்ராஸ் பந்தயத்துல கடைசியா வந்ததாம்.
வாங்கினவர் கத்தார்ல இருக்கார்."
போன் நின்று இரண்டு வருஷம் என்பதை
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"முதல்ல ரத்தம் எடுக்கணும்மா.
ஒரு நோய் இருக்கு, மனுஷருக்கும் ஒட்டும்.
அதுவா இருந்தா..."
பேனா மூடியைத் திருகினார்.
"வெச்சிருக்க முடியாது. சட்டம்."

பதினோரு நாள்.
மூடிக் கிடக்கும் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
தனிக் கயிறு, தனி வாளி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு புல் போட்டேன்;
மூன்றாம் நாள் பிடிக்க மறந்துபோனது.
ஏழாம் நாள் விழுப்புரத்துக்காரனுக்குப் போன் போட்டு
ஒரு பெண்குதிரை என்ன விலை என்று கேட்டேன்.
இரண்டடி தள்ளி நின்று
கலெக்டர் மென்றுகொண்டிருந்தது.
மென்றதில் பாதியை
உருண்டையாகத் துப்பிக்கொண்டும் இருந்தது.
அந்த உருண்டைகளைத் தினமும் பெருக்கியவள் நான்.
வாய்க்கொழுப்பு என்று வைததும் நான்.

அது இல்லை என்று தாள் வந்தது.
படிக்கத் தெரிந்தும் சின்னவளைப் படிக்கச் சொன்னேன்.

பிறகுதான் டாக்டரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி
அதன் கண்ணாடியை ஒவ்வொரு துவாரத்தின் கீழும் பிடித்தார்.
இடதில் ஆவி படர்ந்தது, வலதில் அரைகுறை.
கண்ணுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டினார்,
முற்றல் தேங்காய் பார்க்கிற மாதிரி.
இடது பக்கம் கணீர்.
வலது பக்கம் ஈரமண்.
"மூக்குல நோயே இல்லம்மா.
மேல் வரிசை, நாலாவது கடைவாய்ப் பல்லு.
வெடிச்சு, வேர்ல சீழ் வெச்சிருக்கு.
போக வேற வழியில்லாம மூக்கால வருது."

மயக்க ஊசி போட்டும் நின்றபடியேதான்.
தாடை என் தோளில்,
ஒன்றரை மணி நேரம்.
நனைந்த பலகையில் ஆணி பிடுங்குகிற சத்தம்.
எச்சில் என் ரவிக்கைக்குள் இறங்கியது.
கையில் கொடுத்த பல் கட்டைவிரல் அளவுகூட இல்லை.
குதிரைக்குப் பல் ஆயுசுக்கும் இறங்கிக்கொண்டே வரும்,
தின்னத் தின்னத் தேயும்,
இதற்கு மிச்சம் இவ்வளவுதான் என்றார்.

கை கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்:
"கீழ்ப்பல்லுக்கு இனிமே எதிர்ல ஆள் இல்ல.
தேய்க்க ஒண்ணும் இல்லாததால அது பாட்டுக்கு உயரும்.
விட்டா மேல் ஈறைக் குத்தும்.
ஆறு மாசத்துக்கு ஒருதரம் அரம் போடணும்."

நான் அந்தக் கீழ்ப்பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அரம் போட எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

கலெக்டர் தும்மியது,
இரண்டு மூக்காலும்,
அவர் கோட்டு முழுக்க.