அடியில் நிற்கும் ஓரங்குலம்

சாய்ந்தமருதில் எங்கள் குசினியின் கொங்கிறீட் தட்டில்
நீலப் பெரல் ஒன்று.
முந்தி அதில் வினாகிரி இருந்ததாம்.
ஏழு தரம் கழுவியும்
வெயிலேறினால் ஊறுகாய் மணக்கும்.

குழாய்த் தண்ணியில் குளோரின், கிணற்றில் சவர்.
குழாய்த் தண்ணியை ஒருநாள் வானம் பார்க்க வைத்தால்தான்
மீனுக்கு ஆகும்.

ஓட்டை போட்டேன்.
உள்ளே ஒரு ரப்பர் வாசர், வெளியே ஒன்று,
பிரியில் வெள்ளை டேப் பன்னிரண்டு சுற்று.
யன்னல் நிலைக்கு மேலால் பைப்பை
ஏற்றி இறக்கியது என் கெட்டித்தனம்.

வால்வைத் திறந்தேன். வரவில்லை.
மேட்டில் காற்று குந்திக்கொண்டிருந்தது,
கச்சேரியில் பைலை அமத்தி வைத்திருக்கும் ஆள்போல.
வாயால் உறிஞ்சினேன்.
காற்று, காற்று, பிறகு
தொண்டை நிறைய
ஊறுகாய் வெயில்.

நுஸ்லிஹா சிரித்த சிரிப்பில்
ஏஞ்சல் மீன் இரண்டும் கல்லுக்குப் பின்னால் போயின.
"நீங்க பேசுறதையும் ஒரு ராவு வெச்செடுத்து
விட்டா நல்லம்," என்றாள்.
திங்கட்கிழமைச் சண்டையைத்தான் சொல்கிறாள்.

இப்போது கரண்ட் போனாலும் இறங்குகிறது,
நூல் தடிப்பில், சத்தமில்லாமல்.
ஒன்றுதான் பிழை:
ஓட்டை ஓரங்குலம் உயரத்தில் விழுந்துவிட்டது.
கடைசித் தண்ணீர் எப்போதும் பெரலுக்குள் மிஞ்சும்.

நேற்று டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
மீன் தொட்டிக்குப் போகவேண்டிய துரு, மண்,
எங்கிருந்தோ வந்த ஓர் எறும்பு
எல்லாம் அந்த ஓரங்குலத்தில்
அசையாமல் கிடந்தன.

கலக்கிவிடாமல் மூடியைச் சாத்தி
ஏணியால் இறங்கினேன்.
நுஸ்லிஹா தேத்தண்ணி வைத்திருந்தாள்.
திங்கட்கிழமையைப் பற்றி
நான் ஒன்றும் கேட்கவில்லை.